தங்கள் வாசலில் வண்டியை அணைக்காததற்கு விளக்கம்

சோழவரம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமும் மதிப்பும் உள்ள கும்மிடிப்பூண்டி திரு. அன்புராஜ் ஐயா அவர்களுக்கு, சோழவரம் ஆசீர்வாதம் பணிவுடன் எழுதுவது. தேவகிருபையால் இங்கே நான், என் மனைவி சாராள், மகள் ஸ்நேகா, எங்கள் டீசல் கார் ஆகிய நால்வரும் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், தங்கள் மகன் ஜோஷ்வாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்பதே இந்தக் கடிதத்தின் விஷயமாக இருப்பதால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். தங்களுக்குச் சம்மதமானால் அதன்மேல் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் வந்து போனதிலிருந்து தாங்கள் என் போனை எடுக்கவில்லை. பதினொரு தடவை கூப்பிட்டேன். பிறகு நம் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பேசிக்கொண்டிருக்கும் உபதேசியார் நேற்று வந்து, தாங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். "ஊடு பாக்க வந்தவங்க, ஒன்றர மணி நேரம் வண்டிய ஆஃப் பண்ணாமலே வெச்சிருந்தாங்க. புடிக்கலன்னா ஏறி ஓடிப்பூடலாம்னு ரெடியா வந்தாப்ல இருந்துச்சு. எங்க ஊட்டு வாசல் அவங்களுக்கு பஸ் ஸ்டாப்பா?" என்று கேட்டீர்களாம். ஐயா, நியாயமான கேள்வி. நானாக இருந்தால் இன்னும் ரெண்டு வார்த்தை கூடவே சொல்லியிருப்பேன். ஆனால் காரணம் இருக்கிறது, அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும், தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும்.

ஆறு மாதத்துக்கு முன்பு கார் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் வண்டி விடுகிற புகை, அரசாங்கம் சொன்ன அளவைவிட அதிகமாக இருப்பதாகவும், அதைத் திருத்த வண்டியைத் திரும்ப அழைப்பதாகவும் எழுதியிருந்தார்கள். திரும்ப அழைக்கிறோம் என்றதும் வண்டியையே பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்து சாராள் இரண்டு நாள் உபவாசம் இருந்தாள். அப்படியெல்லாம் இல்லை, காலையில் விட்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டோம், ஒரு பைசா வாங்கவில்லை, காரைக் கழுவியும் கொடுத்தார்கள். அந்த ரிப்பேருக்கு நான் நன்றியுள்ளவன் ஐயா, இதைக் குறை சொல்லும் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையத்தில் சாம்பல் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் நான். புகை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் காரை ஸ்டார்ட் செய்தால் பின்னால் கொடியில் காயும் சாராளின் வெள்ளைப் புடவை சாம்பல் நிறமாகி, அவளுக்கு இருமல் வந்து, அந்த இருமலோடு என்னையும் திட்டுவாள். இப்போது புடவை வெள்ளையாகவே இருக்கிறது. இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது, திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் ரிப்பேருக்குப் பிறகு வண்டியின் சுபாவம் மாறிவிட்டது. காரனோடை பாலத்தில் முன்பு மூன்றாவது கியரில் ஏறும், இப்போது இரண்டாவதில் முனகிக்கொண்டு ஏறுகிறது. அதுகூடப் பரவாயில்லை, வயதானால் எல்லோருக்கும் அப்படித்தான். பெரிய விஷயம் யூரியா. இந்த வண்டிக்கு டீசல் தவிர புகையைச் சுத்தம் செய்ய ஒரு யூரியாத் தண்ணீரும் தனி டேங்க்கில் ஊற்ற வேண்டும். முன்பு ஒரு தடவை ஊற்றினால் வருடக்கணக்கில் வரும், சர்வீஸ்காரர்களே பார்த்து ஊற்றிவிடுவார்கள், எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது அது தண்ணீர் குடிப்பதுபோல் குடிக்கிறது. ஒரு நாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்து, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்தான், அதற்குள் ஊற்றாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று காட்டியது. சர்வீஸ் சென்டர் ரகுவுக்குப் போன் போட்டால், "யூரியா தீந்துபோச்சு சார், ஊத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யூரியாதானே என்று நான் நேராக உரம் விற்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். முக்கால் மணி நேரம். சங்கச் செயலாளர் வெங்கடேசன் ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு, "எத்தினி ஏக்கரு நடவு?" என்று கேட்டார். நடவு இல்லீங்க, காருக்கு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரே, யூரியா துன்னா மாடு செத்துப்பூடும். காரு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. போய் ஊட்ல யாரையாச்சும் இட்டுக்கினு வாங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வரிசையில் இருந்த விவசாயிகள் எல்லாரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், அது மரியாதையா வேறெதுவுமா என்று நான் ஆராயவில்லை.

பிறகுதான் ரகு விளக்கினார். அது உர யூரியா இல்லை, வாளியில் வரும் தனிச் சரக்கு, கம்பெனி லோடு அடுத்த திங்கட்கிழமைதான் வரும் என்றார். தச்சூர் கூட்ரோட்டில் லாரிக்காரர்கள் வாங்கும் பெட்ரோல் பங்கிலேயே அது கிடைக்கும் என்று ஸ்நேகா சொன்னாள். நான் கூடாது என்றுவிட்டேன். கம்பெனி செய்த ரிப்பேருக்குக் கம்பெனி சரக்குதான் ஊற்ற வேண்டும், அனல்மின் நிலையத்தில் நான் கற்ற ஒழுக்கம் அது. அந்த ஒழுக்கத்தால்தான் இவ்வளவும் வந்தது. நாளுக்கு நாள் நம்பர் இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் புதன்கிழமை எனக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி போட்டு, பத்து நாள் வண்டி தொடக்கூடாது என்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையோ தங்கள் வீட்டுக்கு வருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ரகுவைக் கேட்டேன். "சைபர் வந்தப்புறம் ஓடிக்கினு இருந்தா ஓடும் சார். ஆஃப் பண்ணீங்க, அவ்ளோதான், மறுபடி ஸ்டார்ட் ஆவாது" என்றார். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியில் ஒன்றரை மணி நேரம் உட்கார எந்த டிரைவர் வருவான்? ஆகவே, ஐயா, அன்று மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டி வந்த பெண்ணை, "டிரைவரு லேடீஸா?" என்று தாங்கள் கேட்டபோது நான் ஆமாம் என்றேனே, அவள்தான் என் மகள் ஸ்நேகா.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரக்கூடாது என்ற வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. "நான் எறங்கவே மாட்டேம்ப்பா, வண்டியிலயே இருக்கறேன்" என்று அவள்தான் சொன்னாள், வேறு வழியில்லாமல் சம்மதித்தேன். வழி முழுவதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கறுப்புக் கண்ணாடியில் நம்பர் தெரியவில்லை. எவ்வளவு காட்டுதும்மா என்று நான் கேட்பேன், அவள் இருபத்தஞ்சுப்பா என்பாள். கவரைப்பேட்டையில் பத்து என்றாள். தங்கள் தெருமுனையில் ரெண்டு என்றாள். வாசலில் சைபர் என்றாள். அந்த நிலைமையில்தான் ஐயா நான் தங்கள் வீட்டுக்குள் வலதுகாலை எடுத்து வைத்தேன்.

புது சம்பந்தம் பேசப் போன இடத்தில் எங்கள் வண்டி நின்றால் மறுபடி ஓடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் மாடி அறையைக் காட்டும்போது வெளியே இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கினால் என் காது அங்கேயே போய்விடும். "காத்து நல்லா வருதுங்களா?" என்று தாங்கள் கேட்டதற்கு, ஓடிக்கினுதான் இருக்குது என்று நான் சொன்னது அதனால்தான். சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல கெட்டிச் சுவர் என்று புகழ்ந்தேன். அது ஃப்ரிட்ஜ் என்று தாங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால் அன்று எனக்குத் தங்கள் வீட்டில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் எனக்கு வீடு பிடித்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தாங்கள் மூன்று தடவை வெளியே போய், மூன்றாம் தடவை ஸ்நேகாவிடம், "டீசல் இன்னா சும்மாவா வருது? ஒண்ணு ஆஃப் பண்ணு, இல்ல அந்தாண்ட எடுத்துக்கினு போ" என்று சொல்லி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், குப்பைத்தொட்டிக்கு அருகில், முழு வெயிலில் நிறுத்த வைத்தீர்கள். அது தங்கள் உரிமை. அதற்குப் பிறகு சம்பந்தியம்மா வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய், எங்களுக்குக் கொடுத்த அதே கேசரி, அதே பஜ்ஜி, அதே பூப்போட்ட கோப்பையில் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். என் தகப்பனார் கூலி வேலைக்குப் போன வீடுகளில் டீ என்றால் வெளியேதான், அதுவும் வேறு டம்ளரில்தான். இதை ஸ்நேகா வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு ஆபரேஷன் செய்யாத கண்ணில் தண்ணீர் வந்தது. தங்கள் மகன் போய், "மேடம், நீங்க உள்ள ஃபேன்ல உக்காந்து சாப்பிடுங்க, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றாராம். யாரோ ஒரு டிரைவர் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நான் சாகும்வரை நன்றியுள்ளவன்.

திரும்பி வந்து வீட்டில் வண்டியை அணைத்ததோடு சரி. திங்கட்கிழமை ஸ்நேகா வேலை முடிந்து பஸ்ஸில் போய், சர்வீஸ் சென்டரில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, வாளியோடு வந்து ஊற்றினாள். இப்போது வண்டி முதல் சாவியிலேயே கிளம்புகிறது. ஆகவே, வண்டியை அணைக்காததற்கும், மகளை டிரைவர் என்று சொன்னதற்கும், ஃப்ரிட்ஜைத் தட்டியதற்கும் தாங்கள் எங்களைப் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும். ஒரு பாவமும் அறியாத என் மகளின் வாழ்க்கை என் வண்டியால் கெட்டுப்போகக்கூடாது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். தங்கள் வீட்டார் எல்லோரையும் கர்த்தர் நீண்ட ஆயுளோடும் குறையாத மைலேஜோடும் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சா. ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுத ஸ்நேகாவிடம் கொடுத்தேன். அவள் கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். யூரியாவைச் சனிக்கிழமையே தச்சூர் பங்கில் வாங்கி டேங்க் நிறைய ஊற்றிவிட்டாளாம். இருபத்தைந்து, பத்து, ரெண்டு, சைபர் எல்லாம் அவளாகச் சொன்ன நம்பராம். சாராளுக்கும் தெரியுமாம், என்னிடம் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று மறைத்தார்களாம். திங்கட்கிழமை வந்தது காலி வாளி. அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனாள் என்பது ஜோஷ்வாவைக் கேட்டால் தெரியுமாம். ஏம்மா இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன். "உள்ள வர்றவங்கள எந்த ஊட்லயும் நல்லாத்தாம்ப்பா கவனிப்பாங்க. வெளிய நிக்கறவங்கள எப்டி கவனிக்கறாங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. நாளைக்கு அந்த ஊட்ல வாழப்போறது நான்தான?" என்றாள். மாமியாரும் பிள்ளையும் பாஸாம். தங்களைப் பற்றிக் கேட்டேன், அந்தக் குப்பைத்தொட்டியையும் வெயிலையும் ஞாபகப்படுத்தினாள். ஆகவே, ஐயா, மேலே நான் மன்னிப்புக் கேட்ட இடங்களையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். அவள் தங்களை மன்னித்துவிட்டாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பெண் பார்க்க வரலாம் என்கிறாள்.