எங்கள் பிளாக்கில் மட்டும் பெய்த மழை

காலையில் எழுந்திருக்க முடியாதவர்கள் அறிவியல் ஆராய்ச்சிக்கு வரக் கூடாது. இதை எந்தப் பல்கலைக்கழகமும் சேர்க்கைத் தகுதிகளில் எழுதிவைப்பதில்லை. எழுதியிருந்தால் நான் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டேன். நான்கு பேராசிரியர்களின் ஒரு நல்ல முற்பகலும் வீணாகியிருக்காது.

வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர அவர்கள் கேட்டவை வேறு. இயற்பியலிலோ கணிதத்திலோ முதுகலை, முதல் வகுப்பு, நுழைவுத் தேர்வில் தேர்ச்சி, வகைக்கெழுச் சமன்பாடுகளில் பழக்கம், ஏதாவது ஒரு கணினி மொழி, பாடம் நடத்திய மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம். கடைசியாக, என்ன ஆராயப்போகிறீர்கள் என்று இரண்டு பக்கம். என்னிடம் இயற்பியல் முதுகலை இருந்தது, முதல் வகுப்பும் (தொட்டும் தொடாமலும்) இருந்தது. வகைக்கெழுச் சமன்பாட்டில் அரியர் வைத்து, இரண்டாம் முறை எழுதித் தப்பித்தவள் நான். கணினி மொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று எழுதாமல் விட்டதே பெரிய விஷயம்.

அப்பா நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வருடத்தோடு அவருக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் எனக்கு ஒரு வழி பிறந்தாக வேண்டும் என்பதால் ஒரே ஒரு முறை முயற்சி செய்யலாம், கிடைக்காவிட்டால் பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

"சேந்தப்புறம் என்னா பண்ணணும்?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டு செமஸ்டர் கிளாஸ்ப்பா. அப்புறம் ஒரு பெரிய பரீட்சை. அதுல பாஸானா நாலஞ்சு வருஷம் ஆராய்ச்சி. கடைசியா தீசிஸ் எழுதணும்."

"இவ்ளோ பண்ணா பர்மனென்ட் பண்ணிடுவாங்களா?"

"இல்லப்பா. அதுக்கப்புறம்தான் வேலை தேடணும்."

"கான்ட்ராக்ட்டு மாரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் ஷிப்டுக்குக் கிளம்பினார்.

கணக்கில் இருந்த ஓட்டையை அடைக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. சொந்தமாகத் தரவு சேகரித்துக் கொண்டுபோய்க் கொட்டினால் சமன்பாட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டிலை அறுத்து, புனல் வைத்து, அளவுகோலை ஒட்டி ஒரு மழைமானி செய்தேன். அதைப் பின்பக்கத் தோட்டத்தில் நட்டேன். வானிலைக்காரர்கள் தினமும் காலை எட்டரைக்குத்தான் மழை அளவு எடுப்பார்கள். (அந்தத் துறையின் மேல் எனக்குக் காதல் வந்ததே அந்த நேரத்தைப் படித்த பிறகுதான்.) எட்டு இருபத்தைந்துக்கு அலாரம் வைத்தேன்.

ஜனவரியிலிருந்து மே வரை, கிட்டத்தட்ட தினமும் மானியில் தண்ணீர் இருந்தது. கடலூரில் மழை இல்லை, விருத்தாசலத்தில் இல்லை, எங்கள் தோட்டத்தில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர். வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். எனக்குக் கோட்பாடு வந்தது. அனல்மின் நிலையத்தின் வெப்பமும் தூசும் சேர்ந்து டவுன்ஷிப்புக்கு மேல் விடியற்காலையில் தனி மழையை உண்டாக்குகின்றன. பக்கத்திலிருந்த செம்பருத்தியும் நனைந்திருந்ததைத் துணைச் சான்றாக எழுதிக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலத்தை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லாததால் தமிழிலேயே சொல்கிறேன். முதல் இருபது நிமிடம் நான்தான் பேசினேன். சமன்பாட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வரைபடங்களைக் கையிலெடுத்துப் பார்த்தார்கள். சீட் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த மேடம் ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார். "ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏன் பெய்யவில்லை?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். "அன்று ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் லீவு மேடம். வண்டி குறைவு, தூசு குறைவு. தூசு இல்லாமல் மேகத்துளி உருவாகாது."

"அனல்மின் நிலையத்துக்கும் லீவா?"

"இல்லை மேடம்."

"மானிக்கு மேலே மரம் ஏதாவது உண்டா?"

"இல்லை மேடம், திறந்தவெளி. ஒட்டினாற்போல எங்கள் பிளாக் மட்டும்தான்."

"பிளாக்கின் உச்சியில் என்ன இருக்கிறது?"

"மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி."

"தொட்டிக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும்?"

"காலை ஆறு மணிக்கு," என்றேன், சரியான பதில் சொன்ன சந்தோஷத்தோடு. சொன்ன பிறகுதான், அந்தத் தொட்டியின் வழிகுழாய் எங்கள் தோட்டத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை பிளாக்கின் நாலு வீட்டிலும் விடிந்ததுமே துணி துவைப்பார்கள் மேடம், அதனால் தொட்டி நிரம்பி வழியாது," என்று நானே முடித்துவைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"இந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது அந்த மழை பெய்வதை நீங்கள் பார்த்தீர்களா?"

"தூங்கிக்கொண்டிருந்தேன் மேடம்."

அவர் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அதைக் குடித்தேனா இல்லையா என்பது நினைவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டில் அப்பா இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நைட் ஷிப்ட்டு வாரத்துல தெனமும் ஆறரைக்குத்தான் சைக்கிள்ல வூட்டுக்கு வரேன்," என்றார். "ஒரு நாளும் நா நனையல பாப்பா."

"அப்ப ஏம்ப்பா சொல்லல?"

"ஒரு தபா கேட்டேன். நம்ப பிளாக்குக்கு மட்டும் பேயிற மழைன்ன. டாங்க்கு வழியறதயும் பாத்துக்கினுதான் வருவேன். அதக் கழிச்சிட்டுத்தான் நீ எழுதுறன்னு நெனச்சேன். நீ படிச்ச புள்ள, நா இன்னாத்த சொல்றது?"

அவர் கேட்டதும் உண்மை. நான் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னதும் உண்மை. சீட் போனதைவிட அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அடுத்த வருடம் வேண்டுமானால் இன்னொரு முறை எழுது என்றார் அப்பா. நான் எழுதவில்லை. அவர் ரிடையரானதும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் வாடகை வீட்டுக்குப் போனோம். பி.எட். முடித்து, இப்போது ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதல் பீரியடுக்கு நான் நேரத்துக்குப் போவதைப் பற்றி அங்கே கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். போன மாதம், சுரங்கத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் தம்பி வந்து, அடுத்த லிஸ்டில் தனக்குக் கட்டாயம் பர்மனென்ட் ஆகிவிடும், சூப்பர்வைசரே சொல்லிவிட்டார் என்றான். அம்மா மாவு பிசைந்துகொண்டே, "ஒங்கப்பா நனைஞ்சாரா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம், தம்பி உட்பட. (லிஸ்டில் அவன் பெயர் வரவில்லை.)

அப்பாவும் சிரிப்பார். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், சிரிக்கலாமா என்று ஒரு முறை என் முகத்தைப் பார்த்துக்கொள்வார்.