பிங்கிள் ஆடு சிரித்த வியாழக்கிழமை

காஜா பேராங், மலாக்கா.
14 மார்ச்சு 1965

சிரஞ்சீவி கணேசமூர்த்திக்கு, அத்தான் சிதம்பரநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. சிரம்பானில் நீயும் கோகிலாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே எல்லாரும் நலம். உன் அக்காள் அலமேலுவும் உடம்புக்கு நலம்தான். என்னோடு பேச்சு மட்டும் கிடையாது. இன்றோடு பத்து நாள். காரணம், போன தீபாவளிக்கு நீ அனுப்பி வைத்த தொலைக்காட்சிப் பெட்டி. பெட்டியைக் குற்றம் சொல்வானேன், அதற்குள் வருகிற ஓர் ஆடு.

நீயும் பார்த்திருப்பாய். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிற கேலிச்சித்திரம். பிங்கிள் என்று பெயர். கால்சட்டை உண்டு, மேல்சட்டை இல்லை. கண்டதைத் தின்னும். தபால் பெட்டியைத் தின்றது, மணிக்கூண்டைத் தின்றது, போன மாதம் ஒரு நீதிபதியின் பொய்முடியைத் தின்றது. தின்று முடித்ததும் நம்மைப் பார்த்து, “ஹெ-ஹெ-ஹெ-ஹ்ஹீம்” என்று மூக்கால் ஒரு சிரிப்பு. தகரத்தை ஆணியால் கீறியதுபோல் இருக்கும். எனக்கு அந்தச் சனியனைக் கண்டாலே ஆகாது. ஆனால் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. ஏன் என்று கேள். சர்வே ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் பிளான் வரைந்தவன் நான். நான் போட்ட கோடு ஒன்றாவது எழுந்து நடந்தது உண்டா? இந்த ஆடு மட்டும் எப்படி நடக்கிறது? கிட்டே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அது ஓடும்போது பின்னால் ஒரு மரம், ஒரு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி. மறுபடியும் அதே மரம், அதே வீடு, அதே தொட்டி. ஒரே ஓட்டத்தில் அந்த மரம் பதினேழு தடவை வந்தது, எண்ணினேன். ஆகவே ஆடு ஓடவில்லை, ஊர்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்து உன் அக்காளிடம் சொன்னேன். “பென்சன் எடுத்த மனுசன் பேசுற பேச்சா இது?” என்றாள். அப்புறம், ஆட்டுக்குக் குளம்புதானே, கையுறை எதற்கு? குளம்பு வரையத் தெரியாதவன் வரைந்தானோ? உனக்குத் தெரிந்தால் எழுது.

இப்படியிருக்க, நம் மகள் மல்லிகாவைப் பெண் பார்க்க கிளேபாங்கிலிருந்து ஆள் வந்தார்கள். பையன் தேவதாஸ், ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். தகப்பன் சேதுராமன், கப்பல் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. தாய் இல்லை. நல்ல இடம் என்று நம் அலமேலு ஒரு மாதமாக வேண்டாத தெய்வமில்லை. அவர்கள் வர ஒப்புக்கொண்ட நாளோ வியாழக்கிழமை. காலையிலேயே பெட்டியின் மேல் பூப்போட்ட துணியைப் போர்த்தி, “இன்னைக்கு இத தொறந்தீங்க, அப்பறம் என்னைய மறந்துருங்க” என்று சொல்லிவிட்டாள். நான் தொடுவதாகவே இல்லை, மச்சான். ஆனால் சேதுராமன் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி கல்லாக இருந்தார். மழையைப் பற்றிக் கேட்டேன், “ம்” என்றார். ஆபீசைப் பற்றிக் கேட்டேன், “ம்” என்றார். கடிகாரத்தில் ஆறடிக்க இரண்டு நிமிஷம். எனக்கு வேறு பேச்சும் வரவில்லை, அந்த வாரம் ஆடு எதைத் தின்னப்போகிறது என்றும் தெரிய வேண்டியிருந்தது. துணியை எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அது ஊதுகுழல் வாத்தியத்தைத் தின்றது. வாயைத் திறந்தால் ராணுவ இசை வந்தது. பிறகு நம்மைப் பார்த்து வழக்கம்போல் சிரித்தது. ஆடு சிரித்து முடித்தது, படம் மாறியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சேதுராமன்! அதே சிரிப்பு, கடைசியில் வருகிற அந்த “ஹ்ஹீம்” உட்பட. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டன. அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமியம்மாள், மலாக்கா செட்டிக் குடும்பம், வீட்டில் மலாய்தான் பேச்சு, அந்த அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து, “சியாப்பா கெத்தாவா? காம்பிங் கா, பேசான் கா?” என்று கத்தினாள். சிரித்தது யார், ஆடா சம்பந்தியா என்று கேட்கிறாள்! கோப்பித் தட்டோடு வந்த மல்லிகா எவ்வளவோ உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. நாலு கோப்பியும் தேவதாசின் வெள்ளைக் கால்சட்டையில். அந்த நேரத்தில் நானாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்: “சார், இத வரையுற ஆளு யாராச்சும் எப்பவாச்சும் உங்கள வந்து பாத்தாங்களா?”

சேதுராமனின் முகம் அப்படியே இறுகிவிட்டது. எழுந்தார். “வாடா” என்றார் மகனிடம். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். உன் அக்காள் பெட்டியை அணைத்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். அவ்வளவுதான். மல்லிகா அறையில் அழுதுகொண்டே சிரித்தாளா, சிரித்துக்கொண்டே அழுதாளா, கதவு சாத்தியிருந்ததால் தெரியவில்லை.

மன்னிப்பு கேட்க வேண்டும். ஆனால் கிண்டல் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஒரு வாரம் உட்கார்ந்து, தடித்த நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஓர் ஆடாக அறுபது ஆடு வரைந்தேன். ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் ஆடு வாயைத் திறந்து சிரிக்கும். என் கோடு நடந்துவிட்டது, மச்சான்! அதை எடுத்துக்கொண்டு நேற்று கிளேபாங்குக்குப் போனேன்.

“சார், அன்னைக்கு நான் கேட்டது கிண்டல் இல்ல. நான் பிளான் போட்ட ஆளு. ஒரு சிரிப்ப எப்படிக் கோட்டுல கொண்டாறான்னு தெரிஞ்சுக்கத்தான்...” என்று நோட்டைக் கொடுத்தேன். ஒரு தடவை விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நிறுத்தி, “பின்னங்கால் தப்பா இருக்கு. ஆட்டுக்கு இப்படி மடியாது லா. நாங்க புக்கிட் ரம்பாய்ல ஆடு வளத்தவங்க” என்றார்.

“திருத்திடறேன் சார்.”

“நான் கோவிச்சுக்கிட்டு வரல” என்றார் பிறகு. “என் சம்சாரம் சிவகாமசுந்தரி போயி மூணு வருசம் ஆச்சு. நான் சிரிச்சா, ‘ஆடு மாதிரி சிரிக்காதீங்க’ன்னு திட்டுவா. அவ போனதுல இருந்து நான் சத்தமா சிரிச்சதே இல்ல. அன்னைக்கு உங்க வூட்ல அது தானா வந்துருச்சு. நீங்க கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் அவ ஞாபகம். அங்கயே அழுதுருவேன்னு பயந்து எந்திரிச்சுட்டேன்.”

நோட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். கல்யாணப் பேச்சைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை. இதையெல்லாம் உன் அக்காளிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டாள். ஆகையால் நீ வருகிற சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்விடு. அந்த ஆடு இருக்கிற வீட்டில் நான் சோறு தின்ன முடியாது. நீயும் உன் சந்ததியும் வாழையடி வாழையாய்த் தழைக்க வேண்டும். கோகிலாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு, உன் அத்தான்,
சிதம்பரநாதன்.

பின்குறிப்பு: வேனைக் கொண்டுவராதே. உறையை ஒட்டப்போகும்போது சேதுராமனும் தேவதாசும் செய்திப் பத்திரிகையோடு வந்து இறங்கினார்கள். வருகிற வியாழனோடு பிங்கிள் முடிகிறதாம், அதற்குப் பதில் ஏதோ தவளையாம். இது பெரிய அநியாயம் அல்லவா? உடனே தொலைக்காட்சி நிலையத்துக்கு மனு எழுதினேன். முதல் கையெழுத்து சேதுராமன். இரண்டாவது உன் அக்காள். “தள்ளுங்க, பேனாவக் குடுங்க” என்று பத்து நாள் கழித்துப் பேசிவிட்டாள். மல்லிகாவை அழைத்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். “மாமனாரப் புடிச்சிருக்குப்பா. மாப்பிள்ளைய இன்னும் நாலு வியாழக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்” என்கிறாள். ஆட்டுக்கு மிச்சமிருப்பதோ ஒரே வியாழக்கிழமை. சிரம்பானில் எத்தனை கையெழுத்து கிடைக்குமோ அத்தனையும் வாங்கி உடனே அனுப்பு.