மூடி சாரும் என் அப்பா கணக்கில் ஃபெயிலான கதையும்

சிங்கப்பூரில் மூடி என்கிற பொருளுக்கு ஜென்ம விரோதி ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கணக்கு வாத்தியார். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளம் போடுகிற கிளார்க்குக்குத் தெரிந்திருக்கலாம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லோருக்கும் அவர் ‘மூடி சார்’. சீனப் பையன்கள் அதை ‘சிடுமூஞ்சி’ என்று அர்த்தம் வருகிற moody என்கிற இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்தார்கள். அதுவும் பொருந்தித் தொலைத்தது.

அவர் பேனாவுக்கு மூடி கிடையாது. சட்டைப் பையில் தினமும் ஒரு புதுத் தீவு உருவாகும். அவர் ரேடியோவுக்கு முதுகு கிடையாது. அவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பாதியில் எழுந்து வந்த மாதிரி இருக்கும். மழை நாட்களில் திறந்த டிபன் டப்பாவோடு பஸ் ஏறி, நெத்திலி மீன் சம்பாலின் வாசத்தை டபுள் டெக்கரின் மேல்மாடி வரைக்கும் இலவசமாக அனுப்பி வைப்பார். “மூடிட்டு வாங்க சார்” என்று யாராவது சொன்னால், யாழ்ப்பாணத்து வம்சாவளித் தமிழில் நிதானமாகக் கேட்பார்: “மூடினால் உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு எப்பிடித் தெரியும்?”

சம்பாலுக்கு உள்ளே அப்படி என்னதான் நடக்கும் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இருந்ததில்லை.

பிறகு ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இனிமேல் எல்லாமே கம்ப்யூட்டர்தான் என்று அரசாங்கம் சொல்ல ஆரம்பித்திருந்த காலம். மற்ற ஸ்கூல்களில் அதற்கு ஏர்கான் ரூம், மேலே வெல்வெட் துணி, வாசலில் ஷூவைக் கழற்றி வைக்கும் மரியாதை. கர்ப்பக்கிரகம் தோற்றது. மாணவர்கள் தள்ளி நின்று தரிசனம் செய்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். எங்கள் ஸ்கூலில் மெஷின்கள் வந்திறங்கிய அன்றே மூடி சார் அத்தனைக்கும் மேல்மூடியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டார். அந்த வருடம் ஆசிரியர் தினத்துக்கு சாரணர்கள் கேக் பரிமாறியது அந்த மூடிகளில்தான். நல்ல அகலமான மூடிகள். கேக் சிந்தவேயில்லை.

புரோகிராம் விஷயத்திலும் அதே நோய்தான். எங்கள் மெஷினில் LIST என்று தட்டினால் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் திரையில் வரும். எழுதினவன் என்ன நினைத்தான், எங்கே சொதப்பினான், எல்லாம் தெரியும். அப்படிக் காட்டாமல் பூட்டி விற்கிற புரோகிராம்களை சார் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்.

ஒருநாள் என் பக்கத்து சீட் லிம் ஆ செங், ரோச்சோர் பக்கம் ஒரு மாடிக் கடையில் காப்பி அடித்துத் தந்த கேம் டிஸ்க் ஒன்றோடு வந்தான். விண்கலம் சுடுகிற கேம். ரூமே அவனைச் சுற்றி நின்றது. சார் வந்தார். திருட்டு டிஸ்க், பிரம்படி நிச்சயம் என்று நாங்கள் அவன் பின்பக்கத்துக்காக அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சார் ஆ செங்கிடம் இங்கிலீஷில் விசாரித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் வெடித்தார். “களவெடுக்கிறவன்கூட வீட்டை போய்ப் பெட்டியைத் திறந்து பாப்பான். இந்தப் பெடியன் பூட்டின பெட்டியைக் களவெடுத்துக்கொண்டு வந்து பூட்டோட வச்சு விளையாடுறான்! உள்ளுக்கு என்ன இருக்கெண்டு இவனுக்குத் தெரியாதாம்! வெக்கக்கேடு!”

“அவர் என்ன சொல்றாரு லா?” என்று ஆ செங் என் காதில் கேட்டான்.

“நீ திருடினதுல தப்பில்ல, சரியா திருடலன்றாரு.”

இது சாரின் கருத்தை நான் கொஞ்சம் வளைத்ததுதான். திருட்டு டிஸ்க்கும் அவருக்கு ஆகாது, பூட்டு டிஸ்க்கும் ஆகாது. தன் கையால் எழுத வேண்டும், எழுதினதைத் திறந்து வைக்க வேண்டும், எவன் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தினதையும் திறந்து வைக்க வேண்டும். இதுதான் அவர் சட்டம். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மீன்தலைக் கறிக்கும் இதே சட்டத்தை அமல்படுத்தப் போய், அடுப்படிவரை நுழைந்து, மசாலாவைக் கேட்டு வாங்கி, அதில் கொஞ்சம் திருத்தமும் செய்து, எதிர்க் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். ரெண்டு தவுக்கேயும், அதாவது ரெண்டு கடை முதலாளியும், நடுரோட்டில் கரண்டியோடு நின்ற கதை அந்த வட்டாரத்தில் பிரபலம். சாருக்குக் கடைசிவரை சண்டைக்குக் காரணம் விளங்கவில்லை. “இப்ப ரெண்டு கடையிலயும் நல்ல கறி கிடைக்குதெல்லோ?” என்று அவர்களிடமே கேட்டாராம்.

இந்த ஆள் தலைமையில் எங்கள் கம்ப்யூட்டர் கிளப் ஒரு ரிப்போர்ட் புரோகிராம் எழுதியது. மாணவன் பெயரையும் மார்க்கையும் தட்டினால், பெற்றோருக்குப் போகிற ரிப்போர்ட் அச்சாகி வரும். அதில் சார் ஒரு விசித்திர உத்தரவு போட்டார்: உன் வீட்டுப் பெயர் எப்படி வேலை செய்கிறது என்பதை நீ எழுதக் கூடாது, பக்கத்து சீட்காரன் உன்னைக் கேட்டு எழுத வேண்டும்.

அதனால் ஆ செங் என்னைக் குடைந்தான். “உன் ஐ.சி. கார்டுல சேகரன் S/O கோவிந்தசாமின்னு இருக்கு. கோவிந்தசாமி உன் குடும்பப் பேரா?”

“இல்லடா, எங்கப்பா பேரு.”

“அப்ப உங்கப்பாவோட குடும்பப் பேரு?”

“அவருக்கு அவங்கப்பா பேரு.”

“அலமா! அப்ப உங்க குடும்பத்துக்குப் பேரே இல்லையா?”

“இல்ல. நாங்க சமாளிச்சுட்டிருக்கோம்.”

அவன் ரெண்டு நாள் தலையைச் சொறிந்து, மகன் பெயர், அப்பா பெயர் என்று பிரித்து எழுதினான். லிம் என்பது முன்னால் வந்தாலும் அதுதான் குடும்பப் பெயர் என்று அவனைக் கேட்டு நான் எழுதினேன். மலாய்ப் பெண் ரோஹானாவின் பெயரில், ‘இன்னாரின் மகள்’ என்று சொல்கிற ‘பின்தே’யை இன்னொருத்தன் எழுதினான். கூடவே ஆளாளுக்கு இஷ்டத்துக்கு அலங்காரமும் செய்தார்கள். திறந்த வீடுதானே.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் டை. பெயர் சொன்னான், நாங்கள் கவனிக்கவில்லை. அவ்வளவு பெரிய டை. வெளிநாட்டில் செய்து பூட்டி அனுப்பிய பள்ளிக்கூட புரோகிராம் ஒன்றை எங்கள் பிரின்ஸிபால் மிசஸ் கோவிடம் விற்க வந்திருந்தான். பளபள பெட்டி, தங்க எழுத்து. மிசஸ் கோ அதில் மயங்கிவிட்டார். இந்த முறை ரிப்போர்ட் அதில்தான் போகும் என்றார். அது நன்றாக வேலை செய்தால் கம்ப்யூட்டர் ரூம் ஆபீஸோடு சேர்ந்துவிடும், மாணவர்கள் மெஷினைத் தொட வேண்டியதில்லை, கிளப்பை மூடிவிடலாம் என்றும் சொன்னார். இதெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

“பிள்ளைகள் எங்க போய்ப் படிக்கிறது?” என்றார் சார்.

“அவர்கள் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று எதற்கு?” என்றார் மிசஸ் கோ.

அன்று மதியம் கேண்டீனில் சார் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பயந்து போனோம்.

டையின் புரோகிராமில் ஆபீஸ் கிளார்க் எல்லாப் பெயரையும் தட்டினார். ரிப்போர்ட்டுகள் தபாலில் வீட்டுக்குப் போயின. எங்கள் வீட்டுக்கு வந்ததை ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா பிரித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“ஏன்டா, நான் எப்படா கணக்குல ஃபெயிலானேன்?”

வாங்கிப் பார்த்தேன். பெயரில் கடைசியாக வருவதுதான் குடும்பப் பெயர், ஆளை அதை வைத்துத்தான் கூப்பிட வேண்டும் என்று அந்த வெளிநாட்டுப் பூட்டு முடிவு செய்திருந்தது. ‘கோவிந்தசாமியின் பெற்றோருக்கு’ என்று ஆரம்பித்து, கோவிந்தசாமி கணக்கில் முப்பத்தெட்டு, கோவிந்தசாமி வகுப்பில் அதிகம் பேசுகிறார், கோவிந்தசாமியின் பெற்றோர் சனிக்கிழமை அவசியம் பள்ளிக்கு வர வேண்டும் என்று முடிந்திருந்தது.

“எங்கம்மா அப்பா ரெண்டு பேரும் போய்ச் சேந்து எத்தன வருஷம் ஆச்சு! எங்கேருந்துடா சனிக்கிழம கூட்டிட்டு வருவேன்?”

அம்மா எட்டிப் பார்த்தார். “கிளாஸ்ல அதிகம் பேசுறாராமா? வீட்டுல வாயே தெறக்க மாட்டாரே!”

சனிக்கிழமை ஸ்கூல் ஹாலில் ஃபெயிலான அப்பாக்கள் கூட்டம். ஆ செங்கின் அப்பா, ‘செங்’ என்று ஒரு பரம்பரையே தங்கள் பக்கம் கிடையாது என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். ரோஹானாவின் அப்பா தனக்கு ஊசி நூல் பாடத்தில் எப்படி ‘சி’ வந்தது என்று கேட்டார். புரோட்டாக் கடை ராஜு அண்ணன் மட்டும் குஷியாக இருந்தார். மகள் சயின்ஸில் முதல் மார்க். அது அவர் பெயரில் வந்திருந்தது. “இதத் திருத்த வேணாம் டீச்சர், இப்படியே இருக்கட்டும் லா.”

மிசஸ் கோ டையைப் பிடித்தார். “இப்போதே சரி செய்யுங்கள்.”

“முடியாதே மேடம். அது பூட்டியிருக்கிறது. தலைமை ஆபீஸுக்கு எழுதணும். அடுத்த வருட வெர்ஷனில் யோசிப்பார்கள்.”

“பெற்றோர் இப்போது நிற்கிறார்கள்!”

டை தொண்டையைச் செருமினான். “அதுவரைக்கும், இந்தியப் பெற்றோர் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள முடியுமா?”

“என்னடா சொல்றாரு?” என்றார் அப்பா. சொன்னேன். கிரேன் பிடித்த கைகளை மெதுவாகக் கட்டிக்கொண்டார். “மாத்துறதுன்னா அந்தப் பொட்டிய மாத்தச் சொல்லு. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

பின் வரிசையிலிருந்து மூடி சார் எழுந்தார். “மேடம், பிள்ளைகள் செய்தது ஒன்று இருக்கிறது.”

மிசஸ் கோவுக்கு வேறு வழி இல்லை. டையின் டிஸ்க்கிலிருந்து மார்க்கை வெளியே எடுக்கவும் முடியாதாம், அதுவும் பூட்டு. எனவே டீச்சர்களின் மார்க் தாளிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் தட்ட வேண்டியிருந்தது. ஹால் முழுக்கக் கம்ப்யூட்டர் ரூமுக்கு நகர்ந்தது. ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட. எனக்கு மார்க் படிக்க வாய்த்தவர் என் அப்பா.

“கணக்கு, முப்பத்தெட்டு.”

நான் எண்பத்து மூன்று என்று தட்டினேன்.

“தம்பி,” என்றார் முதுகுக்குப் பின்னால் சார். “எல்லாருக்கும் தெரியுதெல்லோ.”

திறந்து வைப்பதில் உள்ள ஒரே குறையை அன்று கண்டுகொண்டேன். திருத்தினேன். பிரிண்டர் கத்தியது. முதல் ரிப்போர்ட் வந்தது: மாணவர் சேகரன், தந்தை கோவிந்தசாமி. அப்பா மூச்சு விட்டார். மிசஸ் கோ கையில் வாங்கினார். அப்போது மெஷின் பீப் என்று அலறியது. தாளின் அடியில் பெரிய எழுத்தில் ALAMAK என்று, அதாவது மலாயில் ‘ஐயய்யோ’ என்று, இருந்தது.

நாற்பதுக்குக் கீழே எவன் வாங்கினாலும் அப்படி அடிக்க வேண்டும் என்று ஆ செங் செய்து வைத்திருந்த அலங்காரம். கிளப் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். டையின் முகத்தில் உயிர் வந்தது.

சார் பதறவேயில்லை. மிசஸ் கோவை நாற்காலியில் உட்கார வைத்து LIST தட்டினார். வரி வரியாக ஓடியது. “இதுதான் மேடம், அந்த வரி. எழுதினவன் இவன். எடுக்க வேணுமெண்டால் நீங்களே எடுக்கலாம்.” எந்தக் கட்டையை அழுத்துவது என்று காட்டினார். மிசஸ் கோ ஒரு விரலால் தட்டினார். மறுபடி அச்சடித்தார்கள். அலமாவைக் காணோம்.

அம்மணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உத்தியோகத்தில் ஒரு மெஷின் அவர் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பிறகு என் கணக்கு மார்க்கை இன்னொரு தரம் பார்த்தார்.

“இந்தப் பையனுக்கு மட்டும் அது இருக்கட்டும்,” என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லா அப்பாக்களும் பாஸாகி வீட்டுக்குப் போனார்கள். ராஜு அண்ணன் மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு. பளபள பெட்டியை மிசஸ் கோ திருப்பிக் கொடுத்துவிட்டார். ரூம் எங்களுக்கே நின்றது.

அடுத்த புதன்கிழமை கிளப் நடக்கும்போது வாசலில் ஒரு ஆள் தயங்கி நின்றான். டை இல்லாததால் யாரென்று உடனே தெரியவில்லை. உள்ளே வரலாமா, அந்தப் பெயர் விஷயத்தை எப்படிச் செய்தீர்கள் என்று காட்டுவீர்களா என்று கேட்டான். எங்கள் ரூமைப் பிடுங்க வந்த ஆள்! ஆ செங் ஒரு கெட்ட வார்த்தைக்கு வாயைத் திறந்தான். நான் காலை அகட்டி நாற்காலியை நன்றாக நிரப்பி உட்கார்ந்தேன்.

மூடி சார் வந்தவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “தம்பி, கொஞ்சம் தள்ளி இரும். அவருக்கும் தெரிய வேணுமெல்லோ.”

தள்ளி உட்கார்ந்தேன். அவன் அரை நாற்காலியில் ஒண்டிக்கொண்டு, ஆ செங்கிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான்.

இப்போது நான் யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன். சட்டையில் மை படாத, பெரிய பெரிய புரொஃபசர்களிடம் படித்தாயிற்று. ஆனாலும் லேபில் யாராவது தெரியாத ஆள் பக்கத்தில் வந்து நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறேன்.