மயிலிட்டியில் நான் மூழ்கடித்த கப்பல்

எழுதத் தெரியாதவனால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. எழுதிய ஒன்றுக்கு ஒருமுறை கைதட்டல் வாங்கினான் பாருங்கள், அவன்தான் ஆபத்தானவன். அவன் உடனே இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்து விடுவான். நான் அப்படி ஒருவனாக இருந்தேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் என் பிள்ளைகள் இந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொல்கிறார்கள். அதைவிட நானே ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. உடுவிலில் எங்கள் வாசிகசாலை நாடகக் குழுவுக்கு நானே கதாசிரியர், நானே நெறியாளர், நானே கதாநாயகன். (வேறு ஒருவரையும் நான் கிட்ட விடவில்லை.) அந்தத் தைப்பூசத்துக்கு மயிலிட்டிக் கடற்கரையில் எங்கள் ‘பவளத்தீவுப் பாதகன்’ மேடையேறியது. கடற்கொள்ளையன் ஒருவனின் கதை. கொள்ளையன் யார் என்று கேட்க வேண்டுமா? நான்தான்.

முழுநிலவு. கிடுகு வேலி அடைத்து, வாசலில் காசு வாங்கி ரிக்கற் கிழித்தோம். உள்ளே இடம் முடிந்ததும் சனம் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தது. நான் வாளை உருவினால் விசில். தொண்டை கரகரத்து இருமினேன், அதற்கும் விசில். கொள்ளையனின் மாலுமிகளுக்கு அந்த ஊர் ஆண்களின் பெயர்களையே வைத்திருந்தேன். ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் அந்தப் பெயர்க்காரரைப் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிக் காட்டினார்கள். கடைசியில் கப்பல் புயலில் அகப்பட, திரையை விழுத்தி, “மிகுதி இரண்டாம் பாகத்தில்” என்று அறிவித்தோம். ஆண்கள் எழும்பி நின்று “இப்பவே போடு!” என்று சண்டைக்கு வந்தார்கள்.

எங்களை அழைத்தவர் செல்லத்துரை அண்ணை. வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருந்தவர். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“தம்பி, கப்பல் மூழ்கினதோ, தப்பினதோ? அதைச் சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது.”

நான் ஒரு மர்மப் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

என் ஐயா, அதாவது தகப்பனார், புகையிலைத் தோட்டக்காரர். நாடகம் என்றால் அவருக்கு வெயிலில் வேலை செய்யப் பஞ்சிப்படுகிறவர்கள் கண்டுபிடித்த ஒரு சாட்டு. என் நாடகம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. மயிலிட்டிப் புகழோடு நான் வீட்டுக்கு வந்தபோது, “உந்தப் பகிடியெல்லாம் ஒருக்கால் ஆடினால் காணும். இனித் தோட்டத்துக்கு வா” என்றார்.

“இரண்டாம் பாகத்துக்கும் அதே சனம் வந்தால் என்னை விடுவியளோ ஐயா?”

“வந்தால் நான் வாயே திறக்கமாட்டன். வராட்டில் அடுத்த நாள் மண்வெட்டியைத் தூக்கு.”

சரி என்றேன். இதைவிடச் சுலபமான பந்தயம் உலகத்தில் உண்டா?

குழுவில் இளவரசி வேடம் போடுகிற சிவபாலன் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறவன். (அவன் மீசையை எடுத்தால் உண்மையிலேயே வடிவாக இருப்பான்.) “மச்சான், பூசத்துக்கு எல்லாருக்கும் லீவு. அதாலை வந்த சனமோ தெரியாது” என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. என் பேனாவுக்கு வந்த சனத்தை இவன் லீவுக்கு வந்த சனம் என்கிறானே! ஆனால் பந்தயம் பந்தயம்தானே. “அப்ப பூசத்தைவிடப் பெரிய லீவாய்ப் பிடிப்பம்” என்றேன். சித்திரை வருஷப்பிறப்பைப் பிடித்தேன்.

அதிலும் சும்மா பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கம் ஒன்று. வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்பதிலேயே இரண்டும் பிடுங்குப்படும். நான் இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்துத் தேடினேன். வருஷப்பிறப்புக்கு அடுத்த நாள் பின்னேரம் ஒரு நேரம், தொழில் தொடங்க உத்தமம் என்று இரண்டும் ஒன்றாகச் சொல்லின. அந்த நேரத்தில் மேடைக்குக் கால் நடுவது, பொழுதுபட நாடகம் தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

சொல்லி வைக்க மயிலிட்டிக்குச் சைக்கிள் மிதித்தேன். செல்லத்துரை அண்ணை வீட்டில் இல்லை. அவருடைய மனைவி பொன்னம்மா அக்கா முற்றத்தில் நின்றார். நாளைச் சொன்னதும், “அண்டைக்கோ தம்பி?” என்று இழுத்தார்.

“ஓம் அக்கா, அண்டைக்குத்தான். இரண்டு பஞ்சாங்கமும் சொல்லிப்போட்டுது” என்று சைக்கிளில் ஏறிவிட்டேன். அவருடைய வாயில் இன்னொரு வசனம் நின்றது. அதைக் கேட்க எனக்கு எங்கே நேரம்? நான் இரண்டாம் பாகம் எழுதுகிறவன் அல்லவா!

அந்த நாளும் வந்தது. தட்டிவான் ஒன்று பிடித்து, கூரையில் லவுட்ஸ்பீக்கர் கட்டி, கொள்ளைக் கப்பலின் முன்பாதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு (பின்பாதி செய்யப் பலகை போதவில்லை) கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு காட்சி! வள்ளங்கள் எல்லாம் வரிசையாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன. சந்தனம், குங்குமம், பூ. கரையில் தேங்காய் உடைக்கிறார்கள்.

“பார் மச்சான், வருஷக் கொண்டாட்டம்! வள்ளத்திலை சவாரி போறாங்கள்” என்றேன்.

“உவங்கள் வலையும் ஏத்துறாங்கள்” என்றான் சிவபாலன்.

“நீ வாயை மூடு.”

நான் மைக்கைப் பிடித்தேன். “மயிலிட்டிப் பெருமக்களே! இன்று மாலை ஆறரை மணிக்கு, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்திருந்த பவளத்தீவுப் பாதகன், இரண்டாம் பாகம்!” வள்ளங்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தார்கள். சிலர் விசிலடித்தார்கள். நானும் அசைத்தேன். வள்ளங்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகும் வரை அவர்களுக்கு நான் அறிவித்தல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என் ரசிகர்கள் முழுப்பேரையும் என் கையாலேயே வழியனுப்பி வைத்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆறரை மணிக்கு வேலிக்குள் எட்டிப் பார்த்தேன். பெண்கள். குழந்தைகள். காது கேளாத ஒரு கிழவர். அவ்வளவுதான். பூசத்துக்குப் பிதுங்கிய வெளியில் அரைவாசிக்கு மேல் மணல் தெரிந்தது. பொன்னம்மா அக்கா முன்வரிசையில் இருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“அக்கா, ஆம்பிளையள் எங்கை?”

“கடற்தொழிலுக்குப் போயிட்டினம் தம்பி. விடியத்தான் வருவினம்.”

“வருஷத்துக்கு அடுத்த நாளுமோ?”

“நிலவு காலத்திலை மீன் வலையைக் கண்டிடும், அப்ப கரையிலை சும்மா இருப்பினம். இப்ப இருட்டெல்லே. அதோடை இண்டைக்குத்தானே இந்த வருஷத்துக்கு முதல் தொழில். நல்ல நேரம் பாத்துத்தான் வள்ளம் இறக்கினவை.”

“எந்தப் பஞ்சாங்கம்?”

“இரண்டும்தான்.”

தைப்பூசம் என்றால் முழுநிலவு. அன்று மயிலிட்டி ஆண்கள் எல்லாரும் என் பேனாவுக்காக வரவில்லை, வேறு போக்கிடம் இல்லாமல் வந்திருக்கிறார்கள். சிவபாலன் இளவரசி உடுப்போடு வந்து, “மச்சான், இன்னொரு நாளைக்கு வைப்பம்” என்றான். மானமுள்ள ஒருவன் அதற்கு ஓம் என்றிருப்பான். எனக்கோ கண்ணுக்குள் மண்வெட்டி நின்றது.

“நாடகம் நடக்கும்!” என்றேன்.

நடந்தது. முதல் அரை மணித்தியாலம் மோசமில்லை. இளவரசி சேலை உடுத்த விதத்தைப் பெண்கள் பிழை பிடித்தார்கள், கொள்ளையன் மனைவியைத் தவிக்க விட்டதற்கு என்னைத் திட்டினார்கள். திட்டினாலும் இரசிக்கிறார்கள் என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன். பிறகு என்னுடைய மகத்தான புயல் காட்சி வந்தது. இரண்டு நீலச் சேலைகளை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். அதுதான் கடல். கப்பல் சரிந்தது. முதற் பாகத்தில் விசில் வாங்கித் தந்த மாலுமிகளை ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்தேன்.

“ஐயோ செல்லத்துரை! உன்னையும் அலை கொண்டு போனதா! இராசரத்தினம்! நீயும் மாண்டாயா!”

என் குரல் அப்போது நன்றாக நடுங்கியது. கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

“நிப்பாட்டடா!”

பொன்னம்மா அக்கா எழும்பி நின்றார். “ஆரின்ரை பேரைச் சொல்லுறாய்? தொழிலுக்குப் போன மனுசன்ரை பேரையெல்லே சொல்லுறாய்! வருஷத்து முதல் தொழில், நாசமறுவானே!”

அதற்குப் பிறகு அது நாடகமாக இருக்கவில்லை. பெண்கள் எல்லாரும் மேடைக்கு ஏறிவிட்டார்கள். ஒருவர் கடலை இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான், “அக்கா, கதைப்படி…” என்றேன்.

“உன்ரை கதையைக் கொண்டுபோய் உன்ரை ஊர்க் கிணத்திலை போடு. செத்த ஆக்களை எழுப்பு. எல்லாரும் கரைக்கு வரவேணும், இப்பவே!”

எழுப்பினேன். வேறு என்ன செய்வது? செல்லத்துரையாக நடித்தவன் எழும்பி வந்து, “நான் சுகமாய் வந்திட்டன்” என்றான். இராசரத்தினம் வந்தான். அப்போது பின்னால் நின்ற ஒரு பெண், “என்ரை மனுசன்ரை பேர் உதிலை இல்லை. அவரையும் கொண்டா!” என்றாள். உடனே எல்லாரும் தங்கள் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நடிகர்கள் போதவில்லை. ஒருவனே தலைப்பாகையை மாற்றி மாற்றி வந்தான். அதுவும் போதாமல், சிவபாலன் இளவரசி உடுப்போடு “நான் நவரத்தினம், சுகமாய் வந்திட்டன்” என்று இடுப்பில் கை வைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நவரத்தினத்தின் தாய் அதையும் ஏற்றுக்கொண்டார். கடைசியில் என்னைக் கடலைப் பார்க்க நிறுத்தி மைக்கில் சொல்ல வைத்தார்கள்.

“எல்லாரும் கரைக்கு வந்திட்டினம்.”

“இன்னொருக்கால்.”

“எல்லாரும் கரைக்கு வந்திட்டினம்!”

அதோடு விட்டார்களா? பொன்னம்மா அக்கா ஓட்டுநரிடம் தட்டிவானின் திறப்பை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். “எங்கடை ஆக்கள் வந்தாப் பிறகு போகலாம்” என்றார். பட்டினி போடவில்லை. புட்டும் மீன் குழம்பும் வருஷப் பலகாரமும் தந்தார்கள். ஆனால் காற்று எழும்பியது. நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். வாய்க்கு வந்த பெயர்களைக் கைதட்டலுக்காக எழுதினேன், அவர்களில் ஒருவர் வராவிட்டால் இந்த முகங்களை எப்படிப் பார்ப்பேன் என்று உண்மையாகவே பயந்தேன். ஐயாவையும் பந்தயத்தையும் மறந்தே போனேன்.

விடிய வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. செல்லத்துரை அண்ணையின் வள்ளத்தை மட்டும் காணவில்லை. பொன்னம்மா அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறத் தொடங்கியபோது அது அசைந்து அசைந்து வந்தது. மீன் பாரத்தில் ஓட முடியாமல் வந்திருக்கிறது! அண்ணை இறங்கிய கையோடு என்னைக் கண்டுவிட்டார்.

“தம்பி, கப்பல் என்னவாம்?”

“தப்பினது” என்றார் பொன்னம்மா அக்கா. “வாயை மூடிக்கொண்டு மீனை இறக்குங்கோ.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். திறப்போடு ஒரு பெரிய பாரை மீனையும் என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தேன். ஐயா படலையில் நின்றார்.

“சனம் வந்ததோ?”

“வந்தது ஐயா. விடியத்தான் வந்தது.”

மீனை வாங்கிச் செவுளைப் பிரித்துப் பார்த்தார். “மீன் நல்ல மீன். மண்வெட்டி அங்கை கிடக்கு.”

அன்றிலிருந்து நான் தோட்டக்காரன். இடைக்கிடை நாடகமும் எழுதினேன், ஆனால் அதற்குப் பிறகு என் நாடகத்தில் ஒருவரும் சாகவில்லை. வில்லனைக்கூடக் காய்ச்சலோடு விட்டுவிடுவேன். என் கலியாணத்தன்று சிவபாலன் இந்தக் கதையைப் பந்தலில் வைத்து நடித்தே காட்டிவிட்டான். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். போரில் பாதை அடைபட்டுச் சனம் கிளாலிக் கடல் கடந்து போன காலத்தில், அவளுடைய தம்பி கொழும்புக்கு வெளிக்கிட்டான். “உங்கடை மயிலிட்டி வசனத்தைச் சொல்லுங்கோ” என்றாள், பாதி சிரிப்பும் பாதி பயமுமாக. “எல்லாரும் கரைக்கு வந்திட்டினம்” என்று சொன்னேன். அவன் சுகமாகக் கொழும்பை அடைந்தான். அதோடு எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. இன்றைக்கும் பிள்ளைகள் விமானம் ஏறப் போகும்போது, “அப்பா, ரிக்கற் இல்லாத இரண்டாம் பாகத்தைப் போடுங்கோ” என்று வாசலில் நின்று கேட்பார்கள்.

ஐயா மட்டும் இந்தப் பகிடியில் சேரமாட்டார். தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் முழுக்க ஊரைவிட்டு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் வெளிக்கிட்டோம். ஐயா புகையிலைக் கன்றுகளை ஒருதரம் பார்த்தார், படலையைச் சாத்தினார், சைக்கிளைப் பிடித்தார். பிறகு நடக்காமல் நின்றார்.

“டேய், உந்த வசனத்தைச் சொல்லிப்போட்டு நட.”

சொன்னேன். சின்ன மகள் கைதட்டினாள். ஐயா சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார்.

“கொஞ்சம் உரத்துச் சொன்னால் என்ன? உந்தக் குரலுக்கு எப்படியடா சனம் வந்தது?”