கம்ப்யூட்டருக்கு நனைத்த சாக்கு

நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூடப் பின்னால் நிற்பவர்தான் சொல்லவேண்டும். அந்தக் கூச்சம் ஒருநாள் என் மகளைக் கவிழ்த்துவிட்டது. அதை எழுதியாவது வைக்கிறேன். (எழுதும்போது எதிரே யாரும் நிற்பதில்லை.)

மகள் ரேவதிக்குப் பெங்களூரில் வேலை போய்விட்டது. பேரிகை ஊருக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் பட்டுப்புழு மனை ஒன்று சும்மா கிடந்தது. நானும் அவள் அப்பாவும் வருஷக்கணக்காகப் புழு வளர்த்த கட்டடம். அவர் போனபின் இலை வெட்ட ஆளில்லை.

"எம்மா, இதுலயே சின்னதா ஒரு டேட்டா சென்டர் போடலாம்மா" என்றாள்.

சுற்றுவட்டாரச் சின்னக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை ஓரிடத்தில் வைத்து, கரண்ட் போகாமல், சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"அப்ப புழு மாதிரிதானா?"

"புழு மாதிரியேதான். இலை மட்டும் கேக்காது."

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

சாக்பீஸால் தரையில் வரைந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். இங்கே இரும்பு அலமாரி, அதன் முகத்துக்குக் குளிர்காற்று, முதுகுப் பக்கம் சூடு. பேட்டரிக்குத் தனித் தடுப்பு. புகை உள்ளே வராத பக்கமாக ஜெனரேட்டர். வெயில் இறங்காமல் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தாள். மூன்று தடவை அழித்து மூன்று தடவை வரைந்தாள். ஒன்று நின்றால் இன்னொன்று ஓட ஏசி இரண்டு வேண்டும் என்றாள். வாங்க முடிந்தது ஒன்றுதான். இரண்டாவதின் இடத்தில் சாக்பீஸ் கட்டம் இருந்தது. (கட்டத்திலிருந்து காற்று வராது என்பது எனக்கே தெரியும்.)

புனேயில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். மனையைப் பார்க்க வருகிற கம்பெனிக்காரர் சரியென்றால் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் பெட்டி கட்டுவாள். எனக்கு வேறு ஆள் கிடையாது.

சித்திரை வெயில். ஓட்டிக் காட்டவென்று ரேவதி வாங்கிய பழைய கம்ப்யூட்டர்கள் சில அலமாரியில் ஓடிக்கொண்டிருந்தன. கம்பெனிக்காரருக்கு வழிகாட்ட அவள் ஸ்கூட்டரில் மெயின் ரோட்டுக்குக் கிளம்பினாள்.

"செவுத்துல சூடு காட்டுற நம்பரப் பாத்துக்கிட்டே இரும்மா. முப்பதத் தாண்டுனா போன் பண்ணு. எதையும் தொடாத."

அவள் தலை மறைந்ததும் கரண்ட் போய் வந்தது. பேட்டரி இருந்ததால் கம்ப்யூட்டர்கள் அசையவில்லை. ஏசி மட்டும் படுத்தது எழவேயில்லை. முப்பத்தொன்று. முப்பத்துமூன்று. போன் செய்தேன், வண்டியில் போகிறவள் எப்படி எடுப்பாள்?

அந்த அறையில் சூடு ஏறினால், புழு வளர்த்த நாளிலிருந்து என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாக்கு. தொட்டியில் முக்கி, பிழிந்து (சத்தியமாகப் பிழிந்தேன்), அலமாரியின் வலைக்கதவு முழுக்கத் தொங்கவிட்டேன். தரையிலும் நன்றாகத் தண்ணீர் தெளித்தேன். உள்ளே விசிறிகள் ஈரக்காற்றை இழுத்தன. நம்பர் முப்பதுக்கு இறங்கியது! தோலுரித்த புழு இலைக்குத் தலை தூக்கினால் வருமே, அந்தச் சந்தோஷம் எனக்கு.

வெளியே கார் சத்தம். உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் அடியிலிருந்த பிளக் பலகைக்குள் போயிருந்தது. அலமாரியில் மினுக்கிய விளக்கெல்லாம் அணைந்தன. நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

கம்பெனிக்காரர் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, கம்ப்யூட்டருக்கு ஜுரமா? ஈரத்துணி போட்டிருக்கீங்க?"

கூட வந்தவர், "இன்னும் ரெண்டு நாள்ல கூடு கட்டிரும், பாருங்க சார்" என்றார்.

சிரித்து முடித்துவிட்டு, "யாரு வேலை இது?" என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

கதவிடுக்கில் ரேவதி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார். அவசரத்துக்கு ஒரு ஏற்பாடு."

"இன்ஜினியர்னு சொன்னீங்க?"

"ஆமா சார்."

'அவளில்லை, நான்' என்று இரண்டே வார்த்தை. தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் கார் கிளம்பிவிட்டது.

ரேவதி என்னைத் திட்டவில்லை. "ஒரே ஏசியோட கூட்டிக்கிட்டு வந்தது என் தப்பும்மா" என்று சொல்லி, சாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேலியில் காயப்போட்டாள். அடுத்த வாரம் புனே போய்விட்டாள்.

அந்தக் காரின் டிரைவர் எங்கள் ஊர்க்காரர். அதனால் கதை அன்று சாயங்காலமே ஊர் சுற்றி வந்துவிட்டது. இப்போது எந்த விசேஷத்திலும் என் கொழுந்தனார்தான் தொடங்குவார். "நம்ம ரேவதி படிச்ச படிப்புக்கு, கம்ப்யூட்டருக்குச் சாக்கு கட்டுனா பாரு!" பந்தியே சிரிக்கும். லீவில் வந்திருந்தால் ரேவதியும் சிரிப்பாள். "அதுல யூரியா வாசம் வேற, சித்தப்பா" என்று எடுத்தும் கொடுப்பாள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

போன மாசம் ஒரு காதுகுத்தில் மறுபடியும் ஆரம்பித்தார். ரேவதி வந்திருக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று இடக்கையைத் தூக்கினேன். பந்தி மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"என்ன அண்ணி, ரசமா?" என்றார் கொழுந்தனார்.

தலையாட்டினேன். ஊற்றினார்கள்.