யுலெய்மா மேல் புகார்

நெப்தாலிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யுலெய்மா எழுதிய கருத்து மறுபடியும் காணாமல் போயிருந்தது.

மெரிடா ஊர்ச் சமையல் குழுவை இணையத்தில் மேய்ப்பவன் அவன்தான். டிசம்பர் வந்தால் வெனிசுவேலா முழுக்க ஒரே சண்டை: வாழையிலையில் கட்டி வேகவைக்கும் அயாக்காவில் கொண்டைக்கடலை போடலாமா, கூடாதா? மெரிடாக்காரர்கள் போடுவார்கள், கராகஸ்காரர்கள் அடிக்க வருவார்கள். அதனால் அவன் ஒரு விதி போட்டிருந்தான். கருத்துக்குக் கீழே இருக்கும் குட்டிக் கொடியை ஐந்து பேர் அழுத்தினால் அது புகார். கருத்து தானாக மறைந்துவிடும்.

"கடலை தின்னிக் கழுதைகளா" என்று ஒருவன் எழுதியது ஜம்மென்று நின்றது. "உங்க மாவு பதம் பிரமாதம்" என்று யுலெய்மா எழுதியதுதான் போயிருந்தது. அவளை ஞாயிறு விருந்துக்கு அழைக்க அவன் ஒரு மாதமாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

போன் அடித்தது. யுலெய்மா!

"ஏங்க, என் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"ஐயோ, நான் அழிக்கலைங்க! யாரோ புகார் பண்றாங்க."

"மாவு நல்லாருக்குன்னு சொன்னதுக்கா?"

போனை வைத்த கையோடு அவன், "யுலெய்மா தங்கமானவர், புகாரை நிறுத்துங்கள்" என்று ஒரு பதிவு போட்டான். கண் மூடித் திறப்பதற்குள் அதுவும் மறைந்தது.

வந்த ஆத்திரத்தில் விதியை இறுக்கினான். இனி மூன்று கருத்து மறைந்தால் ஆளே வெளியே. வம்புக்காரர்கள் ஒழிந்தார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வெளியே போனது யுலெய்மா மட்டும்தான்.

மறுபடியும் போன்.

"ரொம்ப சந்தோஷம்ங்க. கராகஸ்லயே ஒரு பொண்ணாப் பார்த்துக்குங்க. கடலை பொறுக்குற வேலை மிச்சம்!"

"யுலெய்மா, ஒரு நிமிஷம்..."

வைத்துவிட்டாள். நெப்தாலிக்கு அழுகையே வந்துவிட்டது.

தள்ளாடிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அங்கே அம்மாவும் அவளுடைய ஜெபமாலைக் கூட்டமும் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு போன் மடியில்.

"ஏன்டா மூஞ்சி தொங்குது?"

"யுலெய்மாவைக் குழுவை விட்டுத் தூக்கிடுச்சும்மா. இனி என் முகத்துலயே முழிக்க மாட்டா."

அம்மா கையிலிருந்த இலையைக் கீழே போட்டாள்.

"எவன்டா அவளைத் தூக்கினது? அவதான் மருமகள்னு முடிவு பண்ணி, அவ எது எழுதினாலும், நீ அவளைப் பத்தி எழுதினாலும் நாங்க அத்தனை பேரும், நம்ம பேஸ்பால் டீமுக்கு ஏத்துற மாதிரி, உடனே கொடி ஏத்திடுறோமே!"