எபனேசர் அண்ணனின் திருத்தப்பட்ட பாவங்கள்

உலக சினிமாவின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். எபனேசருக்கு முன், எபனேசருக்குப் பின். இதைச் சொன்னவர் எபனேசரே என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. சொன்ன இடம் பழங்காநத்தத்தில் அவர் வீட்டு மொட்டை மாடி. கேட்டவர்கள் அவருடைய இசைக்குழுவினர் நால்வர். அவர்களில் டிரம்ஸ் வாசிக்கும் அழகுபாண்டி மட்டும் தலையாட்டினான். யார் எதைச் சொன்னாலும் தாளத்துக்குத் தலையாட்டுவது அவன் பழக்கம்.

'எரிகோ' என்ற அந்தக் கிறிஸ்தவ ராக் குழுவைத் தென்மாவட்டங்களில் அறியாதவர் இல்லை. வேதாகமத்தில் எக்காளம் ஊதியதும் எரிகோவின் மதில் இடிந்து விழுந்தது. பழங்காநத்தத்தில் இவர்கள் ஒத்திகை பார்த்ததும் பக்கத்து வீட்டு சன்ஷேடு விழுந்தது. அன்று முதல் குழுவின் வல்லமையை யாரும் கேள்வி கேட்டதில்லை.

எபனேசர் கிட்டார் வாசிப்பார், பாடுவார், நாலு பாட்டுக்கு நடுவே 'சாட்சி' சொல்வார். ஒரு காலத்தில் தாம் எப்பேர்ப்பட்ட பாவியாக இருந்து எப்படித் திருந்தினார் என்று விவரிக்கும் பேச்சுக்குச் சபைகளில் அதுதான் பெயர். பாட்டுக்குக் கை தட்டும் கூட்டம் சாட்சிக்குக் கண்ணீர் விடும். பத்து வருடத்துக்கு முன் அந்தச் சாட்சியில் ஒரே ஒரு பீர் பாட்டில் இருந்தது. கூட்டம் பெருகப் பெருகப் பாவமும் பெருகியது. போன வருடக் கணக்கில் அவர் வண்டியூர்ப் பக்கத்தையே கிடுகிடுக்க வைத்த ரவுடி ஆகியிருந்தார்.

அந்த ஒரு பீரிலும் பாதிதான் உள்ளே போனது, போன வேகத்தில் வெளியே வந்தது என்பது அழகுபாண்டிக்குத் தெரியும். அண்ணனை வண்டியில் உட்கார வைத்து வீட்டில் சேர்த்தவன் அவன்தான். மேலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கோயில் திருவிழாக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்தவனை, கை சுத்தம் பார்த்து அண்ணன் அழைத்து வந்தார். டீயைத் தவிர அவனுக்கு ஒரு பழக்கமும் கிடையாது.

இவ்வளவு அருமையான பாவங்களை வெறும் வாயால் சொல்லி வீணாக்குவதா? படமாகவே எடுப்பது என்று முடிவாயிற்று.

"கேமராங்கிறது என்ன தம்பி? அதுவும் ஒரு கிட்டாருதான். என்ன, கம்பி இருக்காது" என்றார் அண்ணன்.

படத்தின் பெயர் 'நரகத்தில் நாலு வருஷம்'. அதற்குக் கீழே 'உண்மைச் சம்பவம்'. இயக்குநர் எபனேசர். கதாநாயகன் எபனேசராகவும் எபனேசரே. நண்பன் அழகுபாண்டியாக அழகுபாண்டியே.

படம் சபைகளில் ஓட வேண்டும் என்றால் சபைப் பெரியவர்கள் கதையைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்காக ஏழு பேர் கொண்ட 'திரைக்கதைப் பரிசுத்தக் குழு' அமைந்தது. செயலர் ராஜரத்தினம் ஐயா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வு பெறும்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சிவப்பு மைப் பேனாவை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

"முதல் சீன்லயே குடிக்கிறீங்களே, பிரதர். நீங்க வாலிபர் சங்கத் தலைவரு."

"குடிச்சாத்தானே ஐயா திருந்த முடியும்?"

"திருந்துறதுல எங்களுக்கு ஆட்சேபணையே கிடையாது. குடிக்கிறதுலதான்."

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் முதல் தீர்மானம் நிறைவேறியது. 'கதாநாயகன் மது அருந்தலாகாது. கதைக்கு மது இன்றியமையாதது என இயக்குநர் கருதும் பட்சத்தில், அருகிலிருப்பவர் அருந்தலாம்.'

ஏழு பேரும் அருகிலிருந்தவனைப் பார்த்தார்கள். அழகுபாண்டி தலையாட்டினான்.

இரண்டாம் தீர்மானத்தில் சீட்டாட்டம் அவனிடம் வந்து சேர்ந்தது. மூன்றாவதில் செயின் பறிப்பு. நான்காவது கொஞ்சம் சிக்கல். ஒரு பெண்ணைக் காதலித்துக் கைவிடும் காட்சி. காதலை எபனேசர் வைத்துக்கொள்ளட்டும், கைவிடுவதை அழகுபாண்டி செய்யட்டும் என்று பெரும்பான்மையோர் கருதினர். ஒருத்தர் காதலித்த பெண்ணை இன்னொருத்தர் எப்படிக் கைவிடுவார் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது விசுவாசக் குறைவு எனக் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

அழகுபாண்டி அப்போதுதான் வாயைத் திறந்தான். "ஐயா, ஆவணியில எனக்குக் கல்யாணம் வச்சிருக்காக. பேரையாச்சும் மாத்திருங்களேன்."

ராஜரத்தினம் ஐயா கண்ணாடியைக் கழற்றி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, இது உண்மைச் சம்பவம். பேரை மாத்துனா பொய்யாயிரும்ல?"

உண்மையை இத்தனை கறாராகக் காப்பாற்றும் குழுவிடம் ஒருவன் என்ன வாதாட முடியும்?

வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் படப்பிடிப்பு நடந்தது. அழகுபாண்டி கடுங்காப்பியைப் பாட்டிலில் ஊற்றிக் குடித்துத் தள்ளாடினான். செயின் பறிக்கும் காட்சியில் 'யதார்த்தம்' வேண்டும் என்பதற்காகக் கேமராவை மரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். இது தெரியாத பூக்காரி மாயக்காள், ஓடி வந்தவனைப் பிடித்து, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற வாளியாலேயே நாலு போடு போட்டாள். இயக்குநர் 'கட்' சொல்லவே இல்லை.

"அடி தத்ரூபமா வந்துருக்கு தம்பி" என்றார், அவன் முதுகில் தட்டிக்கொடுத்து. தட்டிய இடத்திலும் வாளி பட்டிருந்தது.

எபனேசர் அந்தக் காட்சி முழுக்கத் தூரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். படம் நெடுகவே அவருக்கு அதுதான் வேலை. அதை அவர் மிக நன்றாகச் செய்தார் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

டிரெய்லர் வெளியாகி இரண்டாம் நாளே மேலூருக்குப் போய்விட்டது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பாண்டீஸ்வரியின் அப்பா சுருளி போன் செய்தார்.

"மாப்ள, செல்லுல ஒரு படம் வந்துச்சு. குடிச்சிட்டுச் செயினை அறுக்குறது நீங்கதானா?"

"நான்தான் மாமா. ஆனா நான் இல்ல."

"பேரு உங்க பேரால்ல இருக்கு?"

"பேரு என்னோடதுதான்."

"உண்மைச் சம்பவம்னு வேற போட்ருக்கே?"

"சம்பவம் என்னோடது இல்ல மாமா."

"பூ வச்சுட்டுப் போயிட்டீக, அதான் யோசிக்கிறேன். ஊரே கேக்குது மாப்ள. நானும் பாண்டீஸ்வரியும் படம் பாக்க வாரோம். பாத்துட்டுத்தான் பத்திரிகை அடிக்கிறதா வேண்டாமான்னு முடிவு."

பாண்டீஸ்வரியை அழகுபாண்டிக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. மேலூரில் ஓர் அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. எதையும் நறுக்கென்று கேட்பாள். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் நேரே அண்ணனிடம் போய் நின்றான்.

"அண்ணே, மேடையில ஒரே வார்த்தை. இவன் இதெல்லாம் செய்யல, நடிச்சான், அம்புட்டுத்தான்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"நீ செய்யலைன்னா, அப்ப யாரு செஞ்சதுன்னு கேப்பாகளே தம்பி."

"பத்து வருசமா நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு நீங்கதானண்ணே சொன்னீக?"

"அது சாட்சி. இது சினிமா. ரெண்டுக்கும் இலக்கணமே வேற" என்றவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை வைத்தார். "சரி, சொல்லிர்றேன். கண்டிப்பாச் சொல்லிர்றேன்."

சபை மண்டபத்தில் முதல் திரையிடல். நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றார்கள். இரண்டு மணி நேரம் அழகுபாண்டி பாவம் செய்தான். கடைசிப் பதினைந்து நிமிடம் எபனேசர் மழையில் முழங்காலிட்டு மனந்திரும்பினார். மண்டபமே அழுதது. அழகுபாண்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஓர் அம்மா அழுதுகொண்டே தன் கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

மேடையில் அண்ணன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஜெனரேட்டர் கொடுத்தவர், டீ போட்டவர், மழைக்குத் தண்ணீர் லாரி அனுப்பியவர் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் அழகுபாண்டியை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இந்தத் தம்பிக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கங்க" என்றார்.

"அண்ணே, அந்த வார்த்தை..." என்று முணுமுணுத்தான் அழகுபாண்டி.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "யாருக்காச்சும் கேள்வி இருந்தா கேக்கலாம்."

மூன்றாவது வரிசையில் பாண்டீஸ்வரி எழுந்தாள். சுருளி முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"சார், ஒரு விவரம் விட்டுப்போயிருக்கு. குடிச்சது இவரு. சீட்டாடுனது இவரு. செயினை அறுத்தது இவரு. அந்தப் புள்ளையைக் கைவிட்டதும் இவரேதான். நீங்க ஓரமா நின்னு மேகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் எதுக்கு சார் நீங்க திருந்துனீங்க?"

கேள்வி எபனேசருக்கு. அவள் பார்வை மட்டும் அழகுபாண்டி மேல் இருந்தது. அதில் கோபம் இல்லை. சொல்லுங்களேன் என்று கேட்கிற பார்வை. அவனுக்கு மூச்சு வந்தது.

ராஜரத்தினம் ஐயா அவசரமாகக் குறிப்பேட்டைப் புரட்டினார். இது பற்றித் தீர்மானம் ஏதும் நிறைவேற்றப்பட்டிருக்கவில்லை. பத்து வருடமாக மேடையில் வார்த்தைக்குத் திணறாத எபனேசர் குறிப்பேட்டைப் பார்த்தார், அருகிலிருந்தவனைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அருமையான கேள்வி. இதுக்கு நம்ம அழகுபாண்டியே பதில் சொல்வான்" என்று மைக்கை நீட்டினார்.

அழகுபாண்டி மைக்கை வாங்கினான்.

"அண்ணே, நீங்க செய்யாத பாவம் அம்புட்டையும் நான் செஞ்சு குடுத்துட்டேன். இந்தப் பொய்யை மட்டும் நீங்களே சொல்லிக்கங்க."